மற்றவை: ஒன்றுமில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். உன் தொண்டைக் கம்மல் போயிற்றா? அன்றைக்குப் போனில் உன் குரலைக் கேட்டு, வேறு யார் வீட்டுக்கோ போட்டுவிட்டேன் என்று வைத்தேவிட்டேன். குரல் சரியாகும்வரை லெட்டர்தான் என்று நீ சொன்னதும் ஒரு வகையில் நல்லதுதான். உன் டிப்போவுக்கு வரும் வண்டி டிரைவரிடம் இந்தக் கவரைக் கொடுக்கிறேன். பதினோரு மணி நேரம். மறுநாள் காலை, நீ நேர அட்டவணை போடும் மேஜையில் இருக்கும்.

புது அறை மூன்றாவது மாடியில். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கதவின் பின்பக்கம் ஒரே ஒரு கொக்கி. சாம்பல் சட்டையை அதில் மாட்டிவிட்டுத் திரும்பினால், சாட்சாத் நம் கொக்கி மாமா! ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குவதைப் பார்த்து, ஆள் நிற்கிறது என்று நான் அலறுவேன். நீ எழுந்து போய்த் தட்டிக் காட்டுவாய், "பாருடா, வெறும் சட்டை." அப்புறம் என்னைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, கதவுப் பக்கம் நீ படுத்துக்கொள்வாய். நாற்பது வயதாகிறது, இன்னும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். சிரிக்காதே.

வேலை எப்படி என்று கேட்டாயே. பதினான்கு ஆஸ்பத்திரிகளில் ஒரு புது ஊசியைச் சோதிக்கிறார்கள். இருநூற்றுப் பத்து நோயாளிகள், இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு அவை ஏ, பி, அவ்வளவுதான். ரகசியம் சீல் வைத்த கவரில் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் அவர்கள் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். வாந்தி, சோர்வு, மரத்துப்போதல், தூக்கம் என்று பதினொரு கேள்விகள். ஒன்றுமில்லை என்றால் சைபர், தாங்க முடியவில்லை என்றால் நான்கு. பன்னிரண்டாவது வரி, 'மற்றவை'. அதில் சொந்த வார்த்தையில் எழுதலாம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தக் குழுவுக்கு எந்த உபாதை அதிகம், அந்த வித்தியாசம் தற்செயலா நிஜமா என்று சாஃப்ட்வேரைக் கேட்பது என் வேலை. பெயர் எதுவும் தெரியாது, எண் மட்டும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 19

டேய் சோடாபுட்டி,

உன் கடிதம் கிடைத்து, இரண்டு தரம் படித்தாயிற்று. நான் நன்றாக இருக்கிறேன். குரல்தான் இன்னும் கம்மல். டிப்போ மைக்கில் எனக்குப் பதிலாக ஷெட்டு மேஸ்திரி அறிவிப்புச் செய்கிறார். எட்டு நாற்பது வண்டியை எட்டு நாற்பத்தைந்து என்று சொல்லி நாலு பேரைக் கெடுத்துவிட்டார்.

நீ சாப்பிடுகிறாயா? எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினால் உள்ளே விடமாட்டேன். சட்டையைத் தினமும் துவை, ஒன்றையே மாட்டிவைத்தால் மாமாதான் தெரிவார்.

உன் வேலை எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் ஒன்று. அந்த 'மற்றவை'க்கு ஒரு விரல்கடை இடம் விட்டால் மனுஷர்கள் என்னத்தை எழுதுவார்கள்? பெரிய அதிகாரிகளிடம் சொல்லி இன்னும் இரண்டு வரி கூட்டச் சொல்.

மாடி வீட்டு டீச்சர் விசாரித்தார்கள். வியாழக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய் வருகிறோம், சும்மா காற்றாட.

இப்படிக்கு உன் அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ சொன்னது சரிதான், அந்த வரிக்கு இடம் விரல்கடைதான். பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தாய்?

அந்த வரிதான் இப்போது என் பொழுதுபோக்கு. ஒருவர் "மருமகள் பேசுவதில்லை" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் "எதிர் வீட்டு நாய்". ஊசிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று என்னோடு வேலை பார்க்கும் கணக்கு மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் மூன்று பேர், மூன்றும் வேறு வேறு ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட ஒன்றையே எழுதியிருக்கிறார்கள். "கதவுக்குப் பின்னால் ஒருத்தர்." "கதவைச் சாத்தினா ஆள் நிக்குது, பட்டப்பகல்ல." "சட்டைக் கை இருக்கு, கைக்குள்ள ஒண்ணும் இல்ல." மூவரும் பி குழு. எங்கள் தலைவர் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாதவர், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோந்து. அவரிடம் காட்டினேன். "பட்டியல்ல இல்லாத உபாதை. 'இதர'ன்னு போட்டுட்டுப் போய்யா"ன்னார்.

'இதர' என்று போட்டால் நாயோடும் மருமகளோடும் சேர்ந்து காணாமல் போய்விடும். தனிப் பத்தி ஒன்று திறந்து எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

தொண்டையை டாக்டரிடம் காட்டினாயா இல்லையா? அதற்குப் பதிலே காணோம்.

உன் தம்பி


மே 6

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. டிப்போவில் புது அட்டவணை, தலைக்கு மேல் வேலை. உடம்பு சுகம்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், டீச்சருக்குத் தெரிந்த ஒருவருக்காக. அந்த 'மற்றவை' வரியில் ஏடாகூடமாக எதையாவது எழுதிவிட்டால், ஊசியை நிறுத்திவிடுவார்களா? எழுதியதைத் திரும்ப அடிக்க முடியுமா? அதை நேராக நீதான் படிப்பாயா, நடுவில் வேறு யாராவது படிப்பார்களா?

வீட்டில் எல்லாக் கதவுகளையும் திறந்தே வைத்திருக்கிறேன். வெயில், புழுக்கம்.

சாப்பிடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமென்று எழுதுகிறாய், ஆனால் டிரைவர் வேறு கதை சொல்கிறார். "அக்கா சீட்டுல இல்லீங்களே. பிப்ரவரியிலேருந்து லீவு. லெட்டர வீட்டுல கொண்டுபோய்த்தான் குடுக்கறேன்." புது அட்டவணை, தலைக்கு மேல் வேலை என்று எழுதினாயே, அது எந்த டிப்போவில்?

டீச்சரின் ஆளுக்குப் பதில்: நர்ஸ் படிப்பார், தட்டச்சு செய்கிறவர் படிப்பார், அப்புறம் நான். ஆபத்து என்று டாக்டருக்குத் தோன்றினால் நிறுத்தலாம். அதற்காக யாரும் பொய் எழுதக் கூடாது. எல்லோரும் சைபர் போட்டால் நான் எதை எண்ணுவது?

என் தனிப் பத்தியில் இப்போது பதினோரு பேர், அத்தனையும் பி. ஏ குழுவில் ஒருவர்கூட இல்லை. தற்செயலாக இப்படி நேர ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்கிறது சாஃப்ட்வேர். ஊசியோடு வந்த குறிப்பிலேயே 'உருவங்கள் தெரியலாம்' என்று ஒரு வரி உண்டு. அப்படியானால் பி தான் புது மருந்து, அதுதான் மூளையைக் கலக்குகிறது என்று நானும் கணக்கு மேடமும் முடிவு கட்டியிருக்கிறோம். ஏ குழுவில் வாந்தி அதிகம்தான், அது பழைய சிகிச்சையின் மிச்சம் என்று தள்ளிவிட்டோம்.

இன்னொரு விஷயம், இது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு ஆளைப் பற்றி எழுதியவர்களில் சிலரிடமிருந்து ஃபாரம் வருவது நின்றுவிட்டது. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் என்கிறார் கோந்து. கம்ப்யூட்டரில் அந்த இடம் வெறும் கட்டமாக நிற்கிறது.

லீவு எதற்கு? மழுப்பாமல் எழுது.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நலம். லீவு சேர்ந்து கிடந்தது, எடுத்தேன். டிரைவருக்கு வாய் நீளம்.

அந்தப் பதினோரு பேரில் யாராவது, அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா? முதலில் சுவரைப் பார்த்து நின்று, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதாக? சும்மா கேட்டேன்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

இன்று காலை மே மாத ஃபாரங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எண் 143, பி குழு, மே இரண்டாம் தேதி. பதினொரு கேள்விகளுக்கும் பதில் இருந்தது. சோர்வு மூன்று, மூச்சுத் திணறல் மூன்று, குரல் கம்மல் நான்கு. பன்னிரண்டாவது வரியில் எழுதியிருந்தது: "கொக்கி மாமா வந்திருக்கிறார். தட்டிப் பார்த்தேன், சட்டை இல்லை."

அந்தப் பெயர் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். கணக்கு மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து 143 எல்லாவற்றுக்கும் சைபர். மற்றவை: ஒன்றுமில்லை. மற்றவை: ஒன்றுமில்லை. நீயா இப்படிப் பொய் எழுதுகிறாய்?

கேட்டாயே, முகம் எந்தப் பக்கம் என்று. ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். முதலில் பிடரி, அப்புறம் காது, அப்புறம் கன்னம். ஒருவர் "ஒரு கண்ணு தெரியுது"ன்னு எழுதினார். அதற்கடுத்த வாரம் அவருடைய ஃபாரம் வரவில்லை.

மொத்தம் இப்போது பத்தொன்பது பேர். அந்த ஊசி விஷம். இந்த வியாழனே போய், வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வா. போனை எடு. எடுக்காவிட்டால் நானே கிளம்பி வருகிறேன்.

தம்பி


ஜூன் 28

என் கண்ணுக்கு,

நீ அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். முதலில் முகத்தைக் கழுவு.

நெஞ்சில் கட்டி. ஜனவரியில் சொன்னார்கள். இருக்கிற மருந்து எதுவும் இதற்குக் கேட்காது, இந்தச் சோதனை ஊசிதான் பாக்கி என்றார் டாக்டர். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய், அதனால் சொல்லவில்லை. மார்ச்சில் உன் கடிதத்தில் பதினொரு கேள்வி, பன்னிரண்டாவது வரி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வியாழக்கிழமை நான் நிரப்புவது உன் மேஜைக்குத்தான் வருகிறது! அப்புறம் ஒவ்வொரு ஃபாரத்தையும் உனக்கு எழுதுவதாகவே நினைத்து எழுதினேன். சோர்வு மூன்று என்று போடும்போது உன்னிடம் சொல்லிவிட்ட மாதிரி இருக்கும். கடிதத்தில் சொல்ல வாய் வரவில்லை, கட்டத்தில் வந்தது.

மே இரண்டாம் தேதி மத்தியானம் அவரைப் பார்த்தேன். பயத்தில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது, அந்த விரல்கடை இடத்தில் எழுதிவிட்டேன். நர்ஸ் படித்துவிட்டு, "இது என்னம்மா, டாக்டர்கிட்ட சொல்லணுமே"ன்னாள். ஊசியை நிறுத்திவிட்டால் என் கதி? அன்றிலிருந்து சைபர்தான்.

கதவு திறந்திருந்தால் தொந்தரவில்லை. காற்றில் தானாகச் சாத்திக்கொண்டால் நிற்கிறார். ஒன்றும் செய்யவில்லை, பேசவில்லை. போன வாரம் கன்னம் வரைக்கும் தெரிந்தது. சவரம் செய்யாத கன்னம்.

ஊசியை விடமாட்டேன். விட்டால் அப்புறம் எதுவும் இல்லை. நீ வராதே. வந்தால் சத்தியமாகக் கதவைத் திறக்கமாட்டேன். அவர் உன்னைப் பார்க்கக் கூடாது. சின்ன வயதிலும் அதற்காகத்தானே அந்தப் பக்கம் படுத்தேன்.

உன் அக்கா


ஜூலை 3

அக்கா,

நின்றுகொண்டே எழுதுகிறேன், வண்டி புறப்பட இருபது நிமிஷம்தான். போனை நீ எடுப்பதில்லை, டீச்சர் நம்பர் என்னிடம் இல்லை, நானே வந்தால் கதவைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறாய். இதை டிரைவர் உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை நிற்பார்.

நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன். உபாதை எந்தப் பக்கமோ மருந்து அந்தப் பக்கம் என்று நினைத்துவிட்டேன். என் அக்கா இதில் நோயாளி என்று கோந்துவிடம் போன மாதமே ஒப்புக்கொண்டேன், இந்தச் சோதனை வேலையிலிருந்து மட்டும் விலக்கிவிட்டார்கள். ஆனால் பத்தொன்பதுக்கு சைபர் என்ற என் அட்டவணை மேலே போயிருந்தது. நேற்று சீல் வைத்த கவரைப் பிரித்தார்கள்.

பி, உப்புத் தண்ணீர். பிப்ரவரியிலிருந்து உனக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணீர்.

மருந்து ஏ குழுவுக்கு. அங்கே வாந்தி உண்டு, முடி கொட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது. ஆனால் அங்கே யார் கதவுக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை. ஊசி அவரைக் கொண்டுவரவில்லை அக்கா, ஊசிதான் அவரை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. கணக்கு மேடம் அந்த வெறும் கட்டங்களைப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். யாரும் சலித்துப்போய் நிற்கவில்லை. அவரை முதலில் பார்த்த நாளிலிருந்து ஒன்பது வாரத்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

நீ பார்த்தது மே இரண்டு. நாளைக்கு ஒன்பது வாரம் முடிகிறது.

பி குழுவுக்கும் நிஜ மருந்தைப் போட உத்தரவு போய்விட்டது. நாளை காலை கதவு திறக்கும்போதே நீ அங்கே இருக்க வேண்டும். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போ. நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்.

என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று காலை சட்டையை எடுக்கும்போது அந்தக் கொக்கியிடம் கொஞ்சம் பேசினேன். என்ன பேசினேன் என்பது இருக்கட்டும், சிரிப்பாய்.

போ அக்கா.

தம்பி


ஜூலை 22

என் செல்லத் தம்பிக்கு,

இருக்கிறேன். அதைத்தான் முதல் வரியில் தேடியிருப்பாய்.

டிரைவர் என் வாசலில் சிலை மாதிரி நின்றார். "படிச்சு முடிங்க, உங்க தம்பி சத்தியம் வாங்கியிருக்கார்"ன்னார். ஏழரைக்கு ஆஸ்பத்திரி, எட்டரைக்கு ஊசி. மத்தியானத்திலிருந்து வாந்தி. ஐயோ, என்ன வாந்தி! குடல் வெளியே வந்துவிட்டது. டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் நடுவில் சிரித்தேன். வாந்தி நான்கு. சந்தோஷமாக நான்கு போட்டேன்.

மறுநாள் மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. கையால் தடவினேன், சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்புறம் இருபது தடவை சாத்திப் பார்த்திருப்பேன். போய்விட்டார்.

நேற்று ஸ்கேன். கட்டி ஒரு விரல்கடை குறைந்திருக்கிறதாம். குரலும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இனிமேல் போனிலேயே திட்டலாம்.

ஒன்று மட்டும் மனதில் அரிக்கிறது. வந்தவர் எங்கே போனார்? என்னை விட்டுப் போனதற்கு எதுவும் கேட்கவில்லையே. உளறுகிறேன். நாலாம் தேதிக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வண்டி தினம் வருகிறது, கவர் மட்டும் வரவில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை. எழுதுடா.

உன் அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் சுகம் கேட்டு ரொம்பச் சந்தோஷம். உன் கடிதம் கிடைத்தது, அதற்கப்புறம் அனுப்பிய இரண்டும் கிடைத்தன. வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை. போன் பழுது.

அறையில் சின்ன மாற்றம். கதவிலிருந்த கொக்கியை ஜூலை ஐந்தாம் தேதியே கழற்றி எறிந்துவிட்டேன். துருப்பிடித்திருந்தது. சட்டைகள் இப்போது நாற்காலியில். இங்கே சரியான புழுக்கம், கதவைத் திறந்தே வைக்கிறேன். வீட்டுக்காரர் திருட்டுப் பயம் என்று சாத்திச் சாத்திவிட்டுப் போகிறார், அவரோடு தினம் சண்டை.

நீ கவலைப்படுவாய் என்று என் ஃபாரத்தையும் நிரப்பிவிடுகிறேன். தூக்கம் 0, பசி 0, சோர்வு 0, தலைவலி 0. மற்றவை: ஒன்றுமில்லை.

மருந்தை விடாதே. ஒரு வியாழன்கூடத் தவறக் கூடாது. இதை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி


ஆகஸ்ட் 29, வியாழன்

டேய் சோடாபுட்டி,

என் நலம் இருக்கட்டும்.

எட்டு வாரம் சைபர் போட்டவளிடமா சைபர் போட்டுக் காட்டுகிறாய்? 'மற்றவை: ஒன்றுமில்லை' என்று எழுதுகிற கை எதைப் பார்த்துவிட்டு எழுதும் என்று எனக்குத் தெரியாதா? வியாழன் ஊசி தவறக் கூடாது என்றாயே, அதற்காகத்தான் இன்றுவரை பொறுத்தேன்.

அன்றைக்குக் கொக்கியிடம் என்ன பேசினாய்? எனக்குப் பதிலாக எதைக் கொடுக்கிறேன் என்றாய்? அறிவு கெட்டவனே. ஒரு குழுவில் சைபர் ஆனால் இன்னொரு குழுவில் ஏறும் என்று உன் கணக்கு உனக்குச் சொல்லவில்லையா?

கொக்கியை ஐந்தாம் தேதி கழற்றினாய் என்றால், நாலாம் தேதி பார்த்திருக்கிறாய். எனக்கு ஊசி போட்ட அதே நாள். இன்றோடு எட்டு வாரம். அட்டவணை போடுவது என் தொழில், என்னிடம் தேதியை ஒளிக்க முடியாது. அவர் எதுவரை திரும்பியிருக்கிறார்? காதா, கன்னமா?

இன்று காலை ஊசி போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டு நாற்பது வண்டியில் ஏறிவிட்டேன். இந்தக் கடிதத்தை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து ஆடுகிறது. மூன்று மாடி ஏற எனக்கு நேரமாகும். டிரைவர் முன்னால் ஓடிவந்து இதைக் கதவுக்கு அடியில் தள்ளுவார். நீ வாசிக்கும்போது நான் முதல் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன்.

எழுந்து கதவைத் திற. அவரைப் பார்க்காதே, தாழ்ப்பாளை மட்டும் பார். திறந்துவிட்டு, கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து படு.

கதவுப் பக்கம் எனக்கு.

அக்கா